பெண் மூளைக்குக் கணக்கு ஏறாதா, டொக்டர்?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. கல்யாணமான நாளிலிருந்து கொழுந்து எடுக்கிறார். கணவருக்கு அதே தோட்டத்தில் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), மருந்தடி வேலை. மகள் சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ எடுத்திருக்கிறாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து இன்ஜினியர் ஆவேன் என்று நிற்கிறாள். அதற்கு ஹட்டனுக்குப் போய்வர வேண்டும், பஸ், டியூஷன் என்று செலவு வரும். ஒரு வயது இளைய மகனுக்குக் கணக்கு சுமார்தான். ஒரு பிள்ளைக்குத்தான் செலவழிக்க முடியும் என்ற நிலை. இந்த நேரத்தில் கொழும்பில் வேலை செய்யும் கொழுந்தனார் லீவில் வந்து, போனில் சில வீடியோக்களைக் காட்டியிருக்கிறார். ஆணின் மூளை பெரியது, பெண்ணுக்கு இயற்கையிலேயே கணக்கும் மெஷினும் வராது, ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவரே இதைச் சொல்லியிருக்கிறார் என்று அவற்றில் வருகிறதாம். “பிள்ளையை ஆர்ட்ஸ் படிக்கவிட்டு டீச்சராக்குங்க அண்ணி, காசைப் பையனுக்கு வைங்க” என்பது அவருடைய முடிவு.

அம்மாவுக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. “நாங்களும் பார்க்கிறோம்தானே டொக்டர். பொம்பளைக் கை மென்மையானது, அதனாலதான் கொழுந்துக்கு எங்களை வைக்கிறாங்க. எங்க உடம்பும் அப்படித்தான். மேட்டு மலை ஏறினா மூச்சு வாங்குது, மாசத்துல எட்டு நாள் தீட்டுப் படுது, எந்நேரமும் களைப்பு. பச்சை அரிசியை அள்ளி மென்னுக்கிட்டே இருக்கத் தோணுது. பொம்பளை உடம்பு அப்படித்தான்னு அவர் சொல்றாரு. அப்படின்னா கொழுந்தன் சொல்றதும் சரிதானா?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்டது மகளைப் பற்றி. ஆனால் நான் உங்கள் உடம்பிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எட்டு நாள் தீட்டு, மூச்சு வாங்குதல், பச்சை அரிசி, அந்த மூன்றும்தான் இதில் மிக அவசரமான செய்தி. அது பெண் உடம்பின் இயல்பு அல்ல. பெரும்பாலும் இரத்தச்சோகை. குணப்படுத்தக்கூடிய நோய்.

முதலில் உங்கள் இரத்தம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் இரத்தத்தில் வித்தியாசம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்குகிறது. அதனால் ஆணின் ஹீமோகுளோபின் சற்று அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி டெசிலீட்டருக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ஆணுக்கு இரத்தச்சோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அந்த எல்லை 12. அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைவெளி ஒரு கிராம்தான். மலை ஏற முடியாமல் நிற்பதும், நெஞ்சு படபடப்பதும், அரிசியை மெல்லத் தோன்றுவதும் அந்த இடைவெளிக்குள் வராது. பச்சை அரிசி, மண், சாம்பல் மீது வருகிற இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். மகப்பேற்று வார்டில் வேலை பார்த்த எந்த டொக்டரும் அதைக் கேட்டவுடன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து மேலே போகப் போக காற்றில் ஒட்சிசன் குறைகிறது, உடம்பு அதை ஈடுசெய்யக் கூடுதல் ஹீமோகுளோபின் வைத்துக்கொள்கிறது. உங்கள் பக்கம் 1,000 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் இருப்பவர்களுக்கு 12 என்ற எல்லையையும் சற்று ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஆகவே அறிக்கையில் 12.1 என்று வந்து, யாராவது “நோர்மல்தான்” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வழக்கமான மாதவிடாயில் 30, 40 மில்லிலீட்டர் போகும். 80க்கு மேல் போனால் அதை அதிக உதிரப்போக்கு என்கிறோம். எட்டு நாள் படுகிறது என்றால் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். அதாவது மாதம் 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் எடுத்துக்கொள்ளும். ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கிறீர்கள் என்றால் அதிலும் பாதிக்கு மேல் வீணாகலாம், தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கமும் உங்களுக்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். அதில் கறி, முட்டை எவ்வளவு மிஞ்சும் என்பது நமக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். அரசாங்க வைத்தியசாலையில் முழு இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் ஃபெரிட்டின் (உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பு), தைரோயிட் பரிசோதனைகளும் கேளுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டம். உதிரப்போக்கு ஏன் அதிகம் என்று பார்க்க ஸ்கேன் தேவைப்படும், 41 வயதில் கர்ப்பப்பைக் கட்டி இருக்கக்கூடும், பெரும்பாலும் அவை புற்றுநோய் அல்ல. பரிசோதிக்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரும்பு தேவைப்படாமலே இருக்கலாம். டொக்டர் மாத்திரை தந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள், தேத்தண்ணிக்கு ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போய்வாருங்கள். 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாகக் கூப்பிடுவார்கள் என்றாலும் உங்கள் தோட்டத்து மருத்துவமாதுவிடம் கேட்டால் வழி சொல்வார். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

உங்கள் கணவரிடம் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருடைய அம்மாவும் அக்காமாரும் இதே களைப்போடு வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர். எல்லோருக்கும் இருந்ததால் அது இயற்கை என்று ஆகிவிட்டது.

மூளையின் எடை

இனி கொழுந்தனார் காட்டிய வீடியோ. சராசரியாகப் பார்த்தால் ஆணின் மூளை ஏறத்தாழ 10 சதவீதம் பெரியது. உண்மை. ஆணின் உடம்பும் சராசரியாகப் பெரியது. மூளையின் பருமனை வைத்து அறிவைச் சொல்வதானால், ஐந்து கிலோ மூளையுள்ள யானைதான் நமக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தர வேண்டும். பொது அறிவாற்றல் சோதனைகளில் ஆண், பெண் சராசரிகளுக்கிடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

மூளையின் அமைப்பில் வித்தியாசம் உண்டா என்று விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிறார்கள். 2015இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயலும் குழுவினரும் 1,400க்கு மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து, முழுக்க ‘ஆண் பக்கம்’ அல்லது முழுக்க ‘பெண் பக்கம்’ இருக்கிற மூளை அரிது, பெரும்பாலானவை கலவைதான் என்றார்கள். 2024இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, கணினியைப் பழக்கினால் மூளையின் இயக்கத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லும் என்று காட்டியது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஆனால் அந்தக் கணினி ஆணா பெண்ணா என்றுதான் சொன்னது, யாருக்குத் திரிகோணகணிதம் வரும் என்று சொல்லவில்லை.

ஹார்வர்ட் தலைவர் விஷயத்தையும் பார்ப்போம். 2005 ஜனவரியில் அப்போதைய தலைவர் லோரன்ஸ் சமர்ஸ் பேசியதைத்தான் சொல்கிறார்கள். அவர் பொருளியலாளர். உச்சியிலுள்ள விஞ்ஞானப் பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு என்பதற்குச் சில ஊகங்களை முன்வைத்தார். அதில் ஒன்று, ஆண்களின் திறமை இரண்டு முனைகளிலும் அதிகம் பரந்து கிடக்கிறது, மிகக் கெட்டிக்காரரும் அவர்களில் கூட, மிகப் பின்தங்கியவரும் கூட என்பது. அதற்குச் சில தரவுகள் உண்டு. அதே தரவில் இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குள்ளேயே கணிதத் தேர்வில் மிக உயர்ந்த புள்ளி எடுத்த பிள்ளைகளில், 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு 13 ஆண்கள் இருந்தார்கள். சில பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்று இறங்கியது. சமமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் மனித உடம்பு மாறாது. மாறியது பள்ளிக்கூடமும் வீடும்தான். ஓமான், பஹ்ரைன் போன்ற நாடுகளில் பாடசாலைக் கணிதத்தில் பெண்பிள்ளைகள்தான் சராசரியாக மேலே நிற்கிறார்கள். கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானியும் 2022இல் உக்ரேனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்காவும் பெற்றார்கள்.

எல்லாம் சமம் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு உருவத்தை மனதுக்குள் சுழற்றிப் பார்க்கிற சோதனையில் ஆண்களின் சராசரி தெளிவாகக் கூடுதல். பயிற்சி கொடுத்தால் அந்தத் திறன் எல்லோருக்கும் ஏறுகிறது என்பதும் தெளிவு. எதில் ஆர்வம் என்று கேட்டாலும், பொருட்கள், இயந்திரங்கள் பக்கம் ஆண்களும் மனிதர்களோடு பழகும் வேலைகள் பக்கம் பெண்களும் சராசரியாகச் சாய்கிறார்கள். அதில் கருவிலிருக்கும்போது கிடைக்கும் ஹோர்மோனுக்கும் கொஞ்சம் பங்குண்டு. எவ்வளவு பிறப்பு, எவ்வளவு வளர்ப்பு என்பதில் சண்டை முடியவில்லை.

ஆனால் சராசரி என்பது ஆளைப் பார்க்காதபோது பயன்படுகிற கணக்கு. உங்கள் லயத்தில் ஆண்களையும் பெண்களையும் உயரப்படி நிறுத்தினால் ஆண்கள் சராசரியாக உயரம்தான். ஆனாலும் உங்கள் நாத்தனார் உங்கள் கணவரைவிட உயரமாக இருந்தால், சராசரியைச் சொல்லி அவரைக் குட்டை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் மகளை நீங்கள் பார்த்தாயிற்று. அவளுக்குக் கணக்கு வருமா என்று நாடு முழுக்க நடந்த ஒரு பரீட்சை பார்த்து ஏ என்று சொல்லிவிட்டது. அவளுக்கு எதில் ஆர்வம் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் உலகத்துப் பெண்களின் சராசரி இந்தப் பிள்ளையைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லப்போகிறது?

மென்மையான கை என்ற கதை

கொழுந்து எடுக்கப் பெண்ணின் கைதான் ஏற்றது என்பதை நீங்கள் எத்தனையோ துரைமார் வாயால் கேட்டிருப்பீர்கள். சிறிய பொருட்களைப் பொறுக்கி அடுக்குகிற சோதனையில் பெண்கள் வேகம் என்பது சரி. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில் விரலின் பருமனையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. மெல்லிய விரல் உள்ளவர் வேகம், அவ்வளவுதான். கென்யாவின் தேயிலைத் தோட்டங்களில் ஆண்கள் நிறையப் பேர் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்கள் கையும் ஆண் கைதான்.

இங்கே நடந்தது வேறு. 1984 வரை இந்த மலைகளில் ஒரு நாள் வேலைக்குப் பெண்ணுக்கு விதித்த சம்பளம் ஆணைவிடக் குறைவு. குறைந்த கூலிக்கு நிறைய ஆட்கள் தேவைப்பட்ட வேலைக்குப் பெண்கள் போனார்கள், பிறகு அதற்கு இயற்கை காரணமாகச் சொல்லப்பட்டது. இன்றும் பல தோட்டங்களில் ஆண்களின் வேலை அளவு முடிந்ததும் மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் நாலு, நாலரை வரை மலையில் நிற்கிறீர்கள். 16, 18 கிலோ நிறுத்தால்தான் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), இல்லாவிட்டால் அரைப்பேர். பெண் உடம்பு பலவீனம் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் அந்தப் பாரத்தைச் சரிவில் உங்கள் தலையில் தொங்கவிட்டிருக்க மாட்டார்கள்.

உடல்பலத்தில் வித்தியாசம் இருக்கிறது, அதுவும் பெரிய வித்தியாசம். பருவ வயதுக்குப் பிறகு பெண்ணின் தோள், கைப் பலம் சராசரியாக ஆணுடையதில் பாதியை ஒட்டியோ சற்றுக் கூடவோதான் இருக்கும். கைப்பிடிப் பலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கலப்பதுகூடக் குறைவு. இதைக் கவனித்துத்தான் பாரம் தீர்மானிக்க வேண்டும், கருவிகள் செய்ய வேண்டும். பெண்ணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் குறைவு, அதனால் கிருமி எளிதில் ஏறும். ஆனால் கொழுந்து மலையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார்கள், பிறகு நீர்க்கடுப்போடு கிளினிக்குக்கு வருகிறார்கள். மருந்து உலகத்திலும் இதே கதைதான். சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று கண்டு, அமெரிக்க அதிகாரிகள் 2013இல்தான் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொன்னார்கள். மாரடைப்பின்போது சில பெண்களுக்கு நெஞ்சு வலியைவிட மூச்சுத் திணறலும் வாந்தியும் களைப்புமே முன்னுக்கு நிற்கும் என்பதும் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

என் கோபம் இங்கேதான், சகோதரி. உடம்பில் உண்மையாக இருக்கிற வித்தியாசம் உங்களுக்கு இரும்பு மாத்திரை வாங்கித் தரவும், மலையில் ஒரு கழிப்பறை கட்டவும் பயன்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பயன்படவில்லை. உங்கள் மகளின் புத்தகத்தைப் பிடுங்க மட்டும் பயன்படுகிறது.

மகளுக்கு என்ன வழி

சட்டத்தைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. எந்தப் பாடசாலையும் பெண் என்பதற்காகக் கணிதப் பிரிவை மறுக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் யாருக்குச் செலவழிப்பது என்பதற்குச் சட்டம் வராது, அதை நீங்களும் கணவரும்தான் பேச வேண்டும்.

அதற்கு உதவியாகச் சில விஷயங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. அனுமதி இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் புள்ளி) அடிப்படையில். பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. ஆக, கொழும்புப் பிள்ளை எடுக்கும் அதே புள்ளி உங்கள் மகளுக்குக் கட்டாயமில்லை. நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள், பொறியியலில்தான் இன்னும் சிறுபான்மை.

ஆபத்தும் சொல்ல வேண்டும். கணிதப் பிரிவு கடினம். ஏ எடுத்த பிள்ளைகளே முதல் தடவை சறுக்குவதுண்டு. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் இந்தப் பாடங்களுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பதும் அரிது. ஆகவே ஹட்டனில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் எந்தப் பாடசாலையில் இருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். பஸ்ஸில் எத்தனை மணிக்குத் திரும்புவாள், இருட்டில் யார் கூட வருவார் என்பதையும் இப்போதே தீர்த்துவைப்பது நல்லது. தொழில்நுட்பப் பிரிவும் ஒரு வழி, 2013இலிருந்து இருக்கிறது, மகள் அதையும் பார்க்கட்டும். கொழுந்தனார் டீச்சர் வேலையை விரும்புகிறார் என்றால், கணித ஆசிரியரும் டீச்சர்தான் என்று சொல்லுங்கள். பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரிக்கான வழி இதனால் மூடிப்போகாது.

மாதவிடாய் நாட்களில் அவள் படிப்பு கெடும் என்று யாராவது சொன்னால், அந்த நாட்களில் சிந்திக்கும் திறன் குறைவதாக ஆய்வுகள் நிலையாக எதையும் காட்டவில்லை என்று சொல்லலாம். வலி இருந்தால் வலிக்கு மருந்து இருக்கிறது. உங்களோடு அவளையும் கூட்டிப்போய் இரத்தம் சோதித்துவிடுங்கள். தாய்க்குக் குறைவென்றால் ஒரே சமையலறையில் சாப்பிடுகிற மகளுக்கும் குறைவாக இருக்கலாம், களைத்த பிள்ளைக்கு இரவில் படிப்பு ஏறாது.

மகனை விட்டுவிடச் சொல்லவில்லை. அவனுடைய வகுப்பாசிரியரைப் பாருங்கள், கரும்பலகை தெரிகிறதா என்று கண்ணைச் சோதியுங்கள், அவனுக்கு எது பிடிக்கும் என்று அவனிடமே கேளுங்கள். ஆண்பிள்ளை என்பதற்காக வராத கணக்கை அவன் தலையில் ஏற்றுவது அவனுக்கும் அநியாயம். அவனுடைய சாதாரண தரம் அடுத்த வருடம்தான், அதுவரை அவன் விஷயத்தில் பெரிய செலவு எதையும் தீர்மானிக்க வேண்டிய அவசியமில்லை. மகளின் உயர்தர வகுப்பு விண்ணப்பத்துக்கு அப்படி அவகாசம் கிடையாது. இந்த வாரமே ஹட்டனுக்குப் போய் படிவத்தை வாங்கி வாருங்கள். வரும் வழியில் டிக்கோயாவில் இறங்கி இரத்தத்தையும் கொடுத்துவிடலாம்.